புதன்கிழமை மட்டும்

திங்கட்கிழமை காலையானால் நெய்தலூரில் எல்லோரும் தண்ணீரில் மூழ்குவார்கள். ஒரு நிமிடம்தான். காதுக்குப் பின்னால் பதித்த நினைவூட்டி, அணை உடைந்த அன்று செத்தவர்களின் கடைசி நிமிடத்தை ஊர் முழுக்க உணரவைக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்கள். அந்த நாளுக்கு வெள்ளத் திங்கள் என்று பெயர். மறுநாள் நச்சுச் செவ்வாய். பிறகு தீ வெள்ளி. இப்படி ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு நாள் போனது. செத்தவர்களை ஊர் மறக்கக்கூடாது என்று சொல்லி இந்தக் கருவியைச் செய்தவள் யசோதரை. பிள்ளைகளை இழந்த தாய்மார் வேண்டாமென்று அழுதபோதும் அவள் இளகவில்லை.

கடைசியில் புதன் ஒன்றுதான் மிஞ்சியது. கல்யாணம், வளைகாப்பு, கடல் பார்க்கப் போவது எல்லாம் அன்றைக்கே. அந்த நெரிசலில்தான் தீவுப் படகு கவிழ்ந்தது. செத்தவர்களில் யசோதரையின் மகள் இளவேனிலும் ஒருத்தி.

நகரத் தலைவர் ஞானப்பிரகாசம் துக்கம் கேட்க வந்தார். புதனுக்குப் பெயர் வைக்க வேண்டாமென்று ஊரே கேட்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஆறு நாளை எடுத்துக்கிட்டீங்க டாக்டர். இந்த ஒண்ணையாவது விட்டுருங்க.”

“அப்ப என் பொண்ணு செத்தது ஒண்ணுமில்லையா?” என்று கேட்டுவிட்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

எந்தப் பதிவையும் முதலில் தன்மேல் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். மகளின் நினைவூட்டி பதிந்துவைத்திருந்த கடைசி நிமிடத்தைச் செலுத்திக்கொண்டாள். உப்புத் தண்ணீர். கவிழ்ந்த படகின் நிழல். முன்பல் விழுந்த ஒரு சிறுமி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். இளவேனில் அந்த விரல்களைப் பிரித்தாள். சிறுமியின் தலையை மிதித்து மேலே எழும்பி ஒரு மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதும் யசோதரைக்குத் தெரிந்தது.

பதிவை அழித்தாள். அந்தப் படகில் செத்த மற்றவர்களின் பதிவுகளையும் சேர்த்து அழித்தாள்.

புதனுக்குப் பெயர் விழவில்லை. பெற்ற மகளின் சாவையே ஊருக்காக விட்டுக்கொடுத்தவள் என்று அவளைக் கொண்டாடினார்கள்.

சில நாள் கழித்து, அதே படகில் மகளைப் பறிகொடுத்த பவளக்கொடி என்பவள் தேடி வந்தாள். அவள் நீட்டிய படத்தில் சிரித்த சிறுமிக்கு முன்பல் இல்லை.

“ஒரு நிமிஷம் போதும்மா. எம்புள்ள என்ன பாடுபட்டுச்சுன்னு இந்த ஊருக்குத் தெரியணும்.”

யசோதரை படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “ஒரு நாளாவது ஊரு சிரிக்கட்டும்மா. நானும் பெத்தவதானே.”

பவளக்கொடி கூசிப்போனாள். தன் துக்கத்தை மட்டும் பார்த்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். “உங்க மனசு எனக்கு வராதும்மா” என்று யசோதரையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நினைவூட்டி சொல்லாத எதையும் நினைத்துப் பார்க்கும் பழக்கம் ஊரைவிட்டுப் போய் வெகுகாலமாயிற்று. அடுத்து வந்த புதனன்று தீவுப் படகின் கூரைமேலும் ஆட்களை ஏற்றினார்கள்.