தை மாதத்து ஐரிஸ்

டொரொண்டோவிலிருந்து நிரஞ்சனி கடைசியாகப் பேசியபோது கணவர் யோகேந்திரன் கேட்டது, தோசைக்கல் எங்கே என்றுதான். "அடுப்புக்குக் கீழ்த்தட்டில, கண்ணுக்கு முன்னால கிடக்கும்," என்றாள். மறுநாள் காலை அவருடைய இதயம் நின்றுவிட்டது. மகளின் பிரசவத்துக்காக அவள் போய்ப் பத்தாம் நாள் அது.

நாளை மறுநாள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. வில்லரேயில் இருந்த தன் வீட்டுக்கு அம்புஜத்தை நிரஞ்சனி வரவழைத்திருந்தாள். அருங்காட்சியகமொன்றில் பழைய தாள் ஓவியங்களைச் செப்பனிட்டு ஓய்வுபெற்றவர் அம்புஜம். துப்பு என்றால் சாப்பாட்டை மறக்கும் கணவர் கோவிந்தராஜனும் கூடவே வந்திருந்தார்.

கூடத்துச் சுவரில் தொங்கிய சட்டத்துக்குள் ஒரு ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படம். நீல ஐரிஸ் பூக்கள், நடுவே வளைந்து போகும் பலகைப் பாலம்.

"பருவம் மாறினா படமும் மாறும். தைப் பனியில கோடைப்பூவை அவர் கொழுவவே மாட்டார்." நிரஞ்சனி ஓரிடத்தில் நிற்கவில்லை. "நான் போகேக்கை தொங்கின பனி மூங்கில் படம் அதின்ர உறையிலயும் இல்லை. கதவைத் திறக்க இன்னொரு திறப்பு வைச்சிருந்தது அவற்ர தம்பி சிவநேசம். செத்துக் கிடந்தவரை முதல் கண்டதும் அவன். அதைக் களவெடுத்துப்போட்டு, கைக்கு வந்ததைக் கொழுவியிருக்கிறான். அந்தியேட்டிக்கு வராதை எண்டு சொல்லிப்போட்டன்."

"கேஸ் முடிஞ்சுது," என்றார் கோவிந்தராஜன்.

"ஆரம்பிக்கவே இல்ல. ஸ்க்ரூட்ரைவர் குடுங்க."

அம்புஜம் சட்டத்தைப் பிரித்தார். படத்தின் மேல் விளிம்பைச் சின்னத் தாள் துண்டுகள் இரண்டு சட்டத்தின் பின்னட்டையோடு பிடித்திருந்தன.

"என்ன பசை?"

"கோதுமை மாப் பசை. அவரே காய்ச்சுவார். ஒட்டிப்போட்டு, மேல புத்தகங்களை அடுக்கி ராவு முழுக்க வைப்பார்."

"சிவநேசம் வந்து எவ்வளவு நேரத்துல ஆம்புலன்ஸ் வந்தது?"

"இருபது நிமிசம். அதுக்குப் பேந்து வீடு நிறைய ஆக்கள். பின்னேரம் நான் வரேக்கையே படம் மாறியிருந்தது."

"ராத்திரி முழுக்கக் காய வேண்டிய பசை, இருபது நிமிஷத்துல ஆகாது. அப்போ இதை ஒட்டினது உங்க வீட்டுக்காரர்தான். கழட்டின மூங்கில் படத்தை, அப்போ கையில காலியா இருந்த உறையிலயே வச்சிருப்பாரு. ஐரிஸோட உறையைப் பாத்தீங்களா?"

அவள் பார்க்கவில்லை. இழுப்பறையில், கோடைக்கான உறைக்குள், பனியின் பாரத்தில் வளைந்த மூங்கில் பத்திரமாக இருந்தது.

"ஜனவரியில ஐரிஸ் எதுக்காம்?" கோவிந்தராஜன் விடவில்லை.

"பூ மட்டும்னா கோடை. பாலத்தோட சேர்த்துப் பாருங்க. ஊரை விட்டுப் போனவன் ஒருத்தன், பலகைப் பாலத்துக்கிட்ட இந்தப் பூவைப் பாத்து, தூரத்துல இருக்கிற பெண்டாட்டியை நினைச்சு அழுதான்னு ஜப்பான்ல பழைய கதை. இந்த மாதிரிப் படம் சேர்க்கிறவருக்கு அது தெரியாம இருக்காது."

நிரஞ்சனி உட்கார்ந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"சிவநேசம், படம் வீட்டிலதான் கிடந்தது. பிழை என்னில."



"அந்தியேட்டிக்கு எத்தினை மணிக்கு வரவேணும், மச்சாள்?" என்று கேட்டான். முப்பது வருடமாக அண்ணன் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான்.