ஜன்னலில் ஆறு பத்து

மாலை மணி ஏழு. வீட்டுக்காரர் சுவரைத் தடவினார். கைக்கு ஆணி மட்டும் தட்டுப்பட்டது.

கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் மங்கல். காலமான மனைவியின் வயலின் அந்த ஆணியில்தான் தொங்கும். தினமும் ஒரு தந்தியை ஒரே ஒரு முறை சுண்டிவிட்டுத்தான் உட்காருவார். அன்று சுண்ட ஒன்றுமில்லை.

மறுநாள் மாலை 5.40. அதே அறையில் இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தார். எப்போதும் பாதி மூடிய கண்கள். ஸ்டேஷனில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். தெரிந்தும் அவர் அலட்டிக்கொள்வதில்லை. வாசலோரம், வீட்டுக்காரரைக் கவனித்துவந்த நர்ஸின் பெட்டி தயாராக இருந்தது. காலையிலேயே வீட்டுக்காரர் "போயிடும்மா" என்று சொல்லிவிட்டார். பதினோரு மாதமாகச் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போயிற்று. இனி எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

வீட்டுக்காரரின் அண்ணன் மகன் ஒரு புகைப்படத்தை நீட்டினான். வீட்டை விற்பதற்காக ஒரு போட்டோகிராபர் எடுத்த படம். ஜன்னலில் சிவந்த அஸ்தமனம், பக்கத்துச் சுவரில் வயலின், ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் ஒரு கைக்குட்டை அளவு வெயில்.

"நேத்து ஆறு பத்துக்கு எடுத்தது மேடம். நான் அஞ்சுக்கே பூட்டிட்டுக் கிளம்பிட்டேன்."

"அப்ப வயலின்?"

"ஆணியிலதான் இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு சித்தப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன இவங்ககிட்ட. ஆறரைக்கு வந்து திறந்தாங்க. சித்தப்பா குளிக்கப் போனப்ப இவங்க மட்டும்தான் இங்க."

"நான் தொடக்கூட இல்ல மேடம்," என்றார் நர்ஸ்.

இன்ஸ்பெக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் மெல்ல நீண்டது. நாற்காலிக் கால்களைத் தாண்டியது, பெட்டியின் மேல் ஏறியது, எதிர்ச்சுவரில் படர்ந்து நின்றது. தூசிகூடப் பொன்னாக மிதந்தது.

மணி 6.10. படத்தில் இருந்த அதே சூரியன் இப்போது ஜன்னலில். ஆனால் படத்து வெயில் ஜன்னலடியிலேயே நின்றுவிட்டதே.

"போட்டோகிராபரைக் கூப்பிடுங்க," என்றார்.

6.35. போட்டோகிராபர் லேப்டாப்பைத் திறந்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"ஆறு பத்து. அது கடைசி ஷாட்."

"எத்தனை ஷாட்?"

"நாலு. ரூம் இருட்டு, ஜன்னல் வெளிச்சம். ஒரே க்ளிக்ல ரெண்டும் வராது மேடம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு எடுத்து ஒண்ணாக் கோக்கணும். ரூமுக்கு மூணு ஷாட், மூணரை மணிக்கு. கேமராவை ஸ்டாண்டுலயே விட்டுட்டேன். வானம் சிவந்ததும் ஜன்னலுக்கு ஒண்ணு. வீடு பூட்டியிருந்துச்சு, தோட்டத்துல நின்னு போன் வழியா கேமராவை இயக்கினேன்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எப்ப எடுத்ததுன்னு மட்டும்தான் இவர் கேட்டார். எங்க வழக்கத்துல கடைசி ஷாட்டோட நேரம்தான் படத்தோட நேரம்."

"அந்தக் கடைசி ஷாட்டை மட்டும் காட்டுங்க."

திரையில் வானம் மட்டும் எரிந்தது. மற்றதெல்லாம் மை.

"இந்த இருட்டைக் கொஞ்சம் வெளுக்க முடியுமா?"

போட்டோகிராபரின் விரல் நகர்ந்தது. கனவில் தெரிவதுபோல் அறை புள்ளி புள்ளியாக மேலே வந்தது. முதலில் நாற்காலி, பிறகு சுவர். சுவரில் வெறும் ஆணி.

இன்ஸ்பெக்டரம்மாவின் கண்கள் முழுசாகத் திறந்தன.

"பூட்டின வீட்டுக்குள்ள ஆறு பத்துக்கே வயலின் இல்ல. நர்ஸ் உங்க சித்தப்பாவோட வந்தது ஆறரைக்கு. அஞ்சுக்குப் பூட்டும்போது இருந்துச்சுன்னு சொன்னது நீங்க. நடுவுல திறக்கிற சாவியும் உங்ககிட்டதான். படத்துல அஸ்தமனத்தோட வயலினும் இருக்கிறதைப் பாத்ததும் தப்பிச்சோம்னு நினைச்சிட்டீங்க, இல்லையா தம்பி?"

அவன் முகம் வெளிறியது.

"என் ரூம்லதான் இருக்கு. யாரும் வாசிக்காம சும்மாதானே தொங்குது, சித்தப்பா."

வீட்டுக்காரர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸ் நின்ற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கைகூப்பினார்.

"உன்னைப் போகச் சொல்லிட்டேனேம்மா. தப்பு என்னோடது. இருந்துடும்மா."

நர்ஸ் பெட்டியைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தை. மணி ஏழு. கிளம்புமுன் அடுத்து வருபவருக்காக மேஜையில் வீட்டுக்காரரின் மருந்துகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டியிருந்தார். அதில் ஒன்றை எடுத்தார்.

"சொட்டு மருந்து போடற நேரம். தலையைச் சாய்ங்க ஐயா. இருக்கிறதைப் பத்தி நாளைக்குப் பேசலாம்."