நான்காம் பாட்டில் ஒரு மௌனம்

கச்சேரிக்கு முந்தின நாள் செவித்துடைப்பு நிலையத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அருள்சீலன் எப்படியோ பிடித்துவிட்டான். அடையாறு கிளையின் வரிசை சாலை வரை நீண்டு கிடந்தது. நின்றவர்களில் பாதிப்பேர் ஒரு காலில் சிவப்பும் மறு காலில் நீலமுமாகக் காலுறை அணிந்திருந்தார்கள். நாளை மாலை 'உட்டா ஸ்ட்ரும்போர்' குழு முதன்முறையாகச் சென்னைக்கு வருகிறது. ஸ்வீடிஷ் மொழியில் அதற்கு ஜோடி சேராத காலுறைகள் என்று பொருள்.

நிலையத்தில் தலைக்கவசத்தை மாட்டி, பாட்டை ஒரு தடவை ஓடவிடுவார்கள். அது மூளையில் எங்கெங்கே தடம் பதித்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். அந்தத் தடங்களைச் செவித்துடைப்பி பக்குவமாகத் துடைத்துவிடும். பாட்டு போகும். கேட்டபோது பக்கத்தில் நடந்ததும் ஒட்டிக்கொண்டு போகும். ரொம்பப் பிடிக்கும் என்ற நினைப்பு மட்டும் தங்கும். அப்புறமென்ன, உயிரான பாட்டை மறுபடி புதிதாய்க் கேட்கலாம்!

அவனைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் குழுவின் முதல் தொகுப்பான 'சலவை நேரம்' அப்பேர்ப்பட்டது. கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. அதன் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. ஒவ்வொரு வீடும் முன்பதிவு செய்து முறை வைத்துத் துவைக்க வேண்டும். நான்கு இளைஞர்கள் தங்கள் முறை வரும்போது அழுக்குத் துணிக்குப் பதிலாகக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். துவைக்கும் இயந்திரம் ஒன்றைச் சும்மா சுற்றவிட்டு, அதன் தடதடப்பையே தாளமாக வைத்துக்கொண்டு பாடிவிட்டார்கள். லட்சக்கணக்கில் கொட்டி எடுத்த ஒலிப்பதிவுகளில் வராத உயிர் அதில் வந்துவிட்டது. கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

நான்காம் பாட்டில் ஒரு சரணம் நால்வரில் ஒருத்தியான இங்ரிட் பாடியது. தொகுப்பு வெளிவந்த கொஞ்ச நாளில் அவள் விபத்தில் போய்விட்டாள். அதிலிருந்து மேடையில் அந்தச் சரணம் வந்ததும் லின்னெயாவும் மற்ற இருவரும் வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். சனங்கள்தான் பாடுவார்கள். எந்த ஊராக இருந்தாலும் அதுவே வழக்கம்.

"நாளைக்கு ஒரு நாளாவது துடைக்காம வாங்களேன்" என்றாள் வரிசையில் உடன் நின்ற மனைவி ஜெனிட்டா. "நாலாம் பாட்டுல நாமதான பாடணும்?"

"அரங்கம் நெறைய ஆளு இருக்கும் ஜெனி. நான் ஒருத்தன் பாடலன்னா குடியா முழுகிடும்?"

"போன தடவை துடைக்க வந்தப்பவும் இப்படித்தான் ஏதோ சொன்னீங்க."

"சொன்னேனா?" என்றபடி அவன் உள்ளே போனான்.

மறுநாள் மாலை, நேரு உள்விளையாட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் பாட்டிலேயே அருள்சீலன் சொக்கிப்போனான். இப்படியும் ஒரு மெட்டு உண்டா! மேடையில் உண்மையாகவே ஒரு துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாட்டுக்கு அவன் கால்கள் தாமாக ஆடின. மூன்றாவதற்கு முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரனைக் கட்டிக்கொண்டான்.

நான்காம் பாட்டின் நடுவில் லின்னெயா கிட்டாரிலிருந்து கையை எடுத்தாள். இயந்திரமும் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அரங்கத்தை நோக்கி ஒலிவாங்கியை நீட்டினாள்.

ஒரு சத்தமும் இல்லை.

எதையோ பாடவேண்டும் என்பது மட்டும் அருள்சீலனுக்கு மங்கலாக நினைவிருந்தது. எதை என்பதுதான் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரனைப் பார்த்தான். அவன் இவனைப் பார்த்தான். அரங்கம் முழுக்க இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று அத்தனை பேரும் மற்றவர்களை நம்பித் துடைத்துக்கொண்டு வந்தவர்கள். லின்னெயா கண் திறந்தாள். அவமானத்தில் அருள்சீலனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போது அவன் அருகிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஜெனிட்டா எழுந்து நின்று பாடினாள். ஸ்வீடிஷ் சொற்களில் தூத்துக்குடி வாடை வீசியது. ஆனால் சுருதி இம்மியும் பிசகவில்லை. 'விளக்கை அணைக்காதே, நான் இன்னும் வீடு வந்து சேரவில்லை' என்று அவள் பாடப் பாட மேலே திரையில் அதன் பொருள் தமிழில் ஓடியது. லின்னெயா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அருள்சீலன் குழந்தை மாதிரித் தேம்பி அழுதான்.

வெளியே வந்தால் வாசலிலேயே செவித்துடைப்பு வண்டி நின்றது. 'கேட்டதை மறந்து நாளை மீண்டும் கேளுங்கள்' என்று பலகை. கூட்டம் அதற்குள் முண்டியடித்தது. பழக்கதோஷத்தில் இரண்டடி எடுத்துவைத்த அருள்சீலன் சட்டென்று நின்றான்.

"ஜெனி, இப்பத் தொடச்சா நீ பாடினதும் போயிடும்ல?"

"போகும்."

"அப்ப வேண்டவே வேண்டாம். நீ இவ்வளவு நல்லாப் பாடுவேன்னு எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

ஜெனிட்டா அவன் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"வீட்டுல நீங்க அந்தப் பாட்டப் போடும்போதெல்லாம் நானும் பாடிட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அழுவீங்க. இதே கேள்விய கேப்பீங்க" என்றாள்.