நாடிக்குப் போட்ட கோடு

நேற்று மாலை மடக்கி வைத்துவிட்டுப் போன இயந்திரக் கை, இன்று நிமிர்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு ஏது கண்? தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு தூண், அதிலிருந்து ஆறு மூட்டுகள், நுனியில் ரப்பர் ஒட்டிய இரண்டு விரல்கள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். விடுமுறை என்பதால் பல்கலைக்கழகமே வெறிச்சோடிக் கிடந்தது. ஜன்னல் இல்லாத அந்த ஆய்வகத்தில் பட்டப்பகலும் நடுராத்திரியும் ஒன்றுதான். ஏசியின் ஈர வாடையும், சூடேறிய வயரின் வாடையும், மூட்டுகளுக்குப் போடும் கிரீஸின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. எங்கோ ஒரு விசிறி, யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதுபோல், நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க இதைத் தொட்டீங்களா?"

"நான் இப்பதானே உன்கூட உள்ள வந்தேன்? சும்மா எதையாவது கிளப்பாதே. வேலையைப் பார்ப்போம், வா."

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஆய்வில் இரண்டு வருடம் சீனியர். சேர்ந்த புதிதில் பேராசிரியர் எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்த அன்று, மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து அழுதவளைத் தேடி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே சீப்பு, ஒரே சோப்பு. இவளுடைய அம்மாகூட முதலில் அக்காவுக்குத்தான் போன் போடுவாள். "என் பொண்ணு வெகுளிம்மா, நீதான் பார்த்துக்கணும்" என்பாள். அக்காவும் பார்த்துக்கொண்டாள். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர்கள் செய்த வேலை இதுதான்: மனிதர் நீட்டும் பொருளை, கையைக் காயப்படுத்தாமல் வாங்கிக்கொள்ள அந்த இயந்திரக் கையைப் பழக்குவது. அதற்காக ஒருவர் கம்பிக் கூண்டுக்குள் போய் அதன் எதிரில் நிற்க வேண்டும். இன்னொருவர் வெளியே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருக்கும்வரை கை இயங்கும், விட்டால் அந்த நொடியே நின்றுவிடும். இயங்கும்போது கூண்டின் கதவு திறக்காது. உள்ளே நிற்பவரின் உயிர் வெளியே இருப்பவரின் விரலில். உள்ளே போவது எப்போதும் இவள். விரல் எப்போதும் அக்காவுடையது.

கொஞ்ச நாளாகவே அந்தக் கை சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் நீட்டும் கப்பை வாங்கிய பிறகும் மணிக்கட்டை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்கும், இன்னும் ஏதோ வேண்டும் என்பதுபோல. அவள் திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார் மெல்ல முனகும். திரும்பிப் பார்த்தால் அசைவற்றிருக்கும். ஒருநாள் குனிந்து ஷூ லேஸ் கட்டியவள் நிமிர்ந்தபோது, ரப்பர் விரல்கள் அவள் தலைமுடிக்கு ஒரு சாண் மேலே இருந்தன. எப்போது வந்தன என்றே தெரியவில்லை. அக்காவிடம் சொன்னாள். "சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, அப்புறம் இரும்புகூட பேய் மாதிரிதான் தெரியும்" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் பாதி பயம் போய்விட்டது.

"கையை நீட்டு." அக்கா அவள் மணிக்கட்டில் வழக்கமான கறுப்புப் பட்டையைக் கட்டினாள். அவள் நிற்கும் இடம் கைக்குத் தெரிவதற்காக, பாதுகாப்புக்காக என்று அதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். இன்று ஒரு துளை சேர்த்து இறுக்கினாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுவிட்ச் உங்க கையிலதானே அக்கா?"

"என் கையிலதான். நீ போ."

அவள் கப்போடு உள்ளே போனாள். கூண்டுக் கதவு தடாலென்று பூட்டிக்கொண்டது. கை மூட்டு மூட்டாக விரிந்து, நிதானமாக, கிட்டத்தட்ட மரியாதையாக அவளை நோக்கி வந்தது. அவள் கப்பை நீட்டினாள்.

கை கப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. அதைத் தாண்டி வந்தது.

அவள் பின்வாங்கினாள். முதுகு கூண்டின் பின்சுவரில் இடித்தது. கப் விழுந்து உடைந்தது. "அக்கா, நிறுத்துங்க!" நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நின்றது. பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவதுபோல், மெல்லப் பின்னால் போனது. அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டாள்.

மூச்சு விட்டதும் திரும்பி வந்தது.

"அக்கா! சுவிட்சை விடுங்க!"

அக்கா அவளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுச் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நேராக ஒரு சிவப்புக் கோடு. அதைச் சுற்றி ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடு. ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய அதே குரல்.

"கத்தாதே கண்ணு. அது உன்னை ஒண்ணும் பண்ணாது. அந்தப் பட்டை உன் நாடியை எண்ணுது. நாடி சிவப்புக் கோட்டுக்குக் கீழ இறங்கினா கை கிட்ட வரும், மேல போனா தள்ளிப் போகும். ஏசி மாதிரிதான். ரூம் சூடானா ஓடும், குளிர்ந்தா நிக்கும்."

அக்கா சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைத்தானே இத்தனை வருடம் படித்தாள்? ஒன்றை அடக்கி ஆள வேண்டுமென்றால் முதலில் அதை லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும், அது எப்படித் துள்ளுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஜூனியர்களுக்கு அவளே வகுப்பெடுத்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் கேட்ட முனகல், தலைமுடிக்கு மேல் வந்த விரல், எல்லாம் தட்டிப் பார்த்தவைதான். கையைத் தான் பழக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஐயோ, பழக்கப்பட்டதெல்லாம் அவள்தான்.

"எனக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா நீ பயப்படுவியா? நிஜ பயம் வேணும்னு சார் சொல்லிட்டார். யாரைப் போடலாம்னு கேட்டார்." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீதான் என்னை நம்புவே."

அவள் பக்கவாட்டில் பாய்ந்து, கூண்டுக்குள் இருந்த அவசர நிறுத்தப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். செத்த பொத்தான். ஒன்றும் நிற்கவில்லை.

"நீ முதல்ல அதைத்தான் அடிப்பேன்னு தெரியும். நேத்து ராத்திரியே வந்து வயரைக் கழட்டி வச்சுட்டேன்."

"சுவிட்சை விடுங்க அக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். வெறுங்கைகள். சுவிட்ச் மேசைமேல் கிடந்தது, அழுத்தியபடியே பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டு.

கை அவளைச் சுவரோடு சேர்த்து மறித்தது. இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம். குனிந்தால் குனிந்தது. பயத்தில் நாடி எகிறியது, கை விலகியது. விலகியதும் உடம்பு தளர்ந்தது, கை நெருங்கியது. மறுபடி எகிறல். மறுபடி தளர்வு. யாரும் தள்ளாத ஊஞ்சல்போல ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடக் குறைந்துகொண்டே வந்தது.

ரப்பர் விரல்கள் அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்தன. பூப்போல. அவளே கற்றுக்கொடுத்த விதத்தில்.

பிறகு ஒரு விரல் வலது கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

இடது கண் இல்லை. வலது கண். சின்ன வயதில் ஒரு குடைக்கம்பி அந்தக் கண்ணின் ஓரத்தைக் கிழித்தது. அன்றிலிருந்து அதன் கிட்டே எது வந்தாலும் குலை நடுங்கும். டாக்டரைக்கூடத் தொடவிட்டதில்லை. அது வெளியே யாருக்கும் தெரியாது. கரண்ட் போன ஒரு சாயங்காலம், அக்கா மடியில் தலை வைத்துக்கொண்டு, அவளிடம் மட்டும் சொன்னது. அந்தக் கண் சிவந்து வீங்கியபோது அக்கா மட்டும்தான் சொட்டு மருந்து விட்டாள். "என்னை நம்பு, அசையாம இரு" என்று சொல்லிச் சொல்லி விட்டாள்.

"இதையுமா சொல்லிக் கொடுத்தீங்க?"

கண்ணாடி இல்லாத கண்ணுக்கும் திரை தெரிந்தது. சிவப்பும் பச்சையும் ஒட்டி ஒரே கோடாகிவிட்டன.

"செட் ஆயிடுச்சு!" அக்கா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். குரல் தழுதழுத்தது. சந்தோஷத்தில். "கண்ணு, ஆடவே இல்ல பாரு! இங்க சிக்னல் கிடைக்காது, வெளிய போய் சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். அப்படியே நில்லு. அசையாம இரு."

கதவு சாத்தும் ஓசை. செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து, தேய்ந்து, நின்றது.

விசிறி மூச்சுவிட்டது.

எவ்வளவு நேரம்? தெரியவில்லை. பட்டையைக் கழற்றினால் நாடியே இல்லையென்று எண்ணிக் கை நேரே கண்ணுக்குள் வந்துவிடும். கால் மரத்தது. வியர்வை காய்ந்தது. உடம்பு எதற்கும் பழகிவிடுகிறது, பாவி உடம்பு. மூச்சு தன்பாட்டில் சீரானது.

விரல் கொஞ்சம் முன்னால் வந்தது.

பயப்படு. பயப்படு. குடைக்கம்பியை நினைத்தாள். விலகியது. ரத்தத்தை நினைத்தாள். விலகியது. அப்புறம் அவையும் பழகின. அம்மாவை நினைத்தாள். மனம் இளகியது. விரல் இமைமயிரைத் தொட்டது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அக்கா வரமாட்டாள்.

நெஞ்சு திக்கென்றது. விரல் சட்டென்று விலகியது. அக்கா வரமாட்டாள். விலகியது. அக்கா வரமாட்டாள், வரவே மாட்டாள். கொஞ்சம் விலகியது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள், உதடு உலரும்வரை.

மெல்ல மெல்ல அதுவும் பழகிப்போனது. நாடி இறங்கியது. மூடிய இமையின் மேல் ரப்பர் விரல் வந்து அமர்ந்து, நிதானமாக அழுத்தத் தொடங்கியது.