சிவந்த கண்ணுக்கு ஒரு சான்று

தினமும் காலை ஆறேகாலுக்குத் துறைமுகத்து விழிவாசல் என் கண்ணைப் படித்துவிட்டு ஒரே பாட்டைப் பாடும்.

"துக்கம் கண்டறியப்பட்டது. அன்பரே, ஆறுதல் அறைக்கு வாருங்கள்."

துக்கமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எனக்கிருப்பது கண் ரோசேசியா. இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டு, கண் கோவைப்பழமாகச் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். வெயில், காற்று, கொதிக்கிற டீ எதுவும் ஆகாது. தூத்துக்குடியில் கிரேன் ஓட்டுகிற ஜெசிந்தா வெயிலுக்கும் காற்றுக்கும் எங்கே போய் ஒளிவாள்?

மனமுடைந்தவர்கள் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்பது சட்டம். துக்க விடுப்பையும் வாசல்தான் தரும், வேறு யாருக்கும் அதிகாரமில்லை. நல்ல சட்டம்தான். சிவந்த கண்ணெல்லாம் அழுத கண் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவன்தான் என் கையில் சிக்கவேண்டும்.

ஆறுதல் அறையில் 'ஆறுதலி' என்ற இயந்திரம் என் கையைப் பிடித்துக்கொள்ளும்.

"மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்."

"ஷிஃப்டுக்கு நேரமாவுது. அதான் மனசுல இருக்கு."

"கோபம் துக்கத்தின் இரண்டாம் படி" என்று இன்னும் இருபது நிமிடம் கூட்டிவிடும். இப்படியே தாமதமானால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவோம் என்று கடிதமும் வந்துவிட்டது.

மணப்பாட்டிலிருந்து மெற்றில்டா அக்கா விடியற்காலை ஐந்துக்கெல்லாம் போன் போடுவாள்.

"ஏட்டி, ஒத்தடம் குடுத்தியா?"

"குடுத்தா இன்னுமில்லா செவக்கு. வாசல் விட மாட்டேங்குக்கா."

"கண்ணு போனா கிரேன வச்சி என்னட்டி செய்வ?"

அவள் சொல்வதும் சரிதான். இது முழுதாகப் போகிற நோயில்லை, அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். வெந்நீர்த் துணியால் பத்து நிமிடம் ஒத்தி, இமையோரத்தைத் துடைத்து, சொட்டு மருந்து விடவேண்டும். விட்டுவிட்டால் கருவிழியைத் தொட்டுவிடும்.

நோய்ச்சான்று வாங்கலாம் என்று போனால் மருத்துவ அலுவலகத்திலும் ஒரு விழிவாசல்! ஏழு முறை ஆறுதல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எட்டாம் முறை டாக்டர் ரொசாரியோவே எதிர்த்த டீக்கடைக்கு வந்து, டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "டீய மட்டும் ஆற வச்சுக் குடிங்கம்மா" என்றார்.

சான்றை வாசலில் பதிந்தபின் எட்டு மாதம் நிம்மதி. பயமில்லாமல் ஒத்தடம் கொடுத்தேன். "கண் நோய். செல்லலாம்" என்று வாசல் திறந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அக்காவின் எண்ணிலிருந்து அத்தான் பேசினார். "ஜெசி... அக்கா தூக்கத்துலயே போயிட்டாம்மா."

விடுப்பில்லாமல் மணப்பாட்டுக்குப் போனால் வேலை போய்விடும். வழியெல்லாம் அழுதுகொண்டே போய் விழிவாசல் முன் நின்றேன்.

"கண் நோய். செல்லலாம்."

வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். மூன்று முறையும் அதையே சொன்னது. ஆத்திரத்தில் கதவை ஓங்கி உதைத்தேன், அதற்கும் திறந்து வழிவிட்டது. மேற்பார்வையாளர் செல்லத்துரையிடம் ஓடினேன்.

"எங்கக்கா செத்துட்டா தம்பி. என் மூஞ்சியப் பாருங்க."

அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

"துக்கம் இல்லன்னு காட்டுதேக்கா. நான் எப்படி லீவு போட?" பிறகு ஒரு நொடி நிமிர்ந்து, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். "இன்னைக்கு ரொம்பச் செவந்திருக்கே. ஒத்தடம் குடுத்தியளா?"

அதைக் கேட்கவேண்டியவளை மணப்பாட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.