குறை தெரியும் இடத்தில் ஒட்டவும்

தையல்காரர் இன்னும் ஒரு துண்டுகூடக் கிழிக்கவில்லை. ஆனால் வாசற்கதவின் நிலையில், பூட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நீல டேப் ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

புது வீட்டை ஒப்படைக்கும் முன்னால் இந்த பில்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் கையில் நீல டேப் சுருள் ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். விரிசலோ, கீறலோ, தட்டினால் வெற்றுச் சத்தம் போடும் டைலோ, எங்கே குறை கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு துண்டு கிழித்து ஒட்ட வேண்டும். பிறகு ஆட்கள் வந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து டேப்பை உரித்துவிட்டுப் போவார்கள். அப்புறம்தான் சாவி.

"இது நீங்க ஒட்டினதா, தம்பி?"

"நான் எதுக்கு சார் ஒட்டப் போறேன்? என் வேலையை நானே குறை சொல்லிக்குவேனா?" சைட் இன்ஜினியர் சிரித்தான். "அம்மா ஒட்டியிருப்பாங்க. நான் கதவைத் திறந்தப்பவே மாடியில நடமாட்டம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் வருவோம்னுதானே போன்ல சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். ஆனால் அவர் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து வாரம் தவறாமல் குடையும் கையுமாக இங்கே வந்து நின்றவள் அவள். ஒரு செங்கல் கோணலாக இருந்தால் போதும், பிரித்துக் கட்டச் சொல்வாள். கொத்தனார்களே சேர்ந்து அவளுக்கு மேஸ்திரியம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். கூரை போட்ட மாதம் படுத்தாள். பூச்சுவேலை முடியும்போது அவள் இல்லை. அடுத்த வாரம் பெயிண்ட் நிறத்துக்குக் கையெழுத்துப் போட இவர் மட்டும் பில்டரின் ஆபீசுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "மேஸ்திரியம்மா எங்க, காணோமே?" என்று கேட்டாள். "கொஞ்சம் உடம்பு முடியல. வந்துடுவாங்க," என்று இவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொந்தபந்தம், கடைத்தெரு, எல்லோர் பேச்சிலும் அவள் 'இருந்தாங்க' ஆகியிருந்தாள். இந்த ஆபீசில் மட்டும்தான் "எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே வேலை இல்லாத நாளிலும் போனார். அந்தப் பச்சை அவளுக்குப் பிடிக்கவில்லையாம் என்றார். சமையல் மேடையை இரண்டு விரற்கடை இறக்குங்கள், அவளுக்கு எட்டாது என்றார். அவர்களும் இறக்கினார்கள். பாவி மனுஷன், செத்தவளுக்காக உட்கார்ந்து ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத் தப்ப முடியாது. ஒப்படைப்புத் தாளில் இரண்டு பேரும் இன்ஜினியர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் இங்கேயும் இருக்க மாட்டாள். அதை நினைத்துத்தான் நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

"தம்பி, அவங்க வந்து..." என்று ஆரம்பித்தார். மாடிப்படியைப் பார்த்தார். "மாடியில இருப்பாங்க."

"நல்லதாப் போச்சு. நீங்க பாத்துட்டே இருங்க சார், நான் ஆபீஸ்ல பேப்பரை எடுத்துட்டு வந்துடறேன்."

பைக் சத்தம் ஒரே மாதிரியான இருபது காலி வீடுகளைத் தாண்டித் தேய்ந்து போயிற்று. மத்தியானம்தான், ஆனால் தூறலில் வெளிச்சம் செத்துக் கிடந்தது. இன்னும் கரண்ட் இணைப்பு தரவில்லை. பெயிண்ட் வாசனையும், ஈரச் சிமெண்ட் வாசனையும், ஜன்னல் கண்ணாடியில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடக்கிற சத்தமுமாக இருந்த அந்தக் கூடத்தில் அவர் நின்றார். எல்லா வாசனைக்கும் அடியில் இன்னொன்று மெதுவாக மூக்கில் ஏறியது. மருந்துக் களிம்பு. அவள் படுத்திருந்த மாதங்களில் தினமும் அவர் கையில் இருந்த வாசனை.

நிலையில் இருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தில் பல் பதிந்திருந்தது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால் கடிப்பவள் அவள். இதற்காகத் தையல்கடையில் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறார்! பல் பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

கூடத்துச் சுவரில் ஒன்று. அந்த டைலை விரல் முட்டியால் தட்டினார், வெற்றுச் சத்தம்தான். சமையலறையில் ஒன்று. அலமாரிக் கீலில் ஒரு திருகாணி இல்லை. குளியலறைக் குழாய்க்குப் பின்னால் முடி அளவு விரிசல், அங்கே ஒன்று. ஒன்றுகூடத் தப்பில்லை. பயத்துக்கு நடுவிலும், என்ன கண்ணு உனக்கு என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் அழுகை வந்தது.

அளவெடுத்தே முப்பது வருஷம் ஓட்டிய கண்ணுக்கு வேறொன்று பிடிபட அதிக நேரமாகவில்லை. வாசலில் இருந்த துண்டு அவள் தோள் உயரம். கூடத்துச் சுவரில் நெஞ்சு உயரம். சமையலறையில் இடுப்பு. படிக்குப் போகும் வழியில் முழங்கால். ஒட்டிக்கொண்டே போனவள் போகப் போகக் குனிந்திருக்கிறாள். பிறகு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு நகர்ந்திருக்கிறாள்.

படியில் படிக்கு ஒன்று. அங்கே குறை எதுவும் இல்லை. கையூன்றிய இடங்கள்.

திரும்பி வாசலைப் பார்த்தார். திறந்துதான் கிடந்தது. பத்து எட்டு வைத்தால் தெரு. போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேலே மூச்சு கேட்டது.

இழுப்பு. நிறுத்தம். மறுபடி இழுப்பு. கடைசி மாதம் முழுக்கப் பக்கத்தில் படுத்து அவர் எண்ணிய மூச்சு. அதே இடைவெளி.

ஏறினார்.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. களிம்பு வாசனை நெஞ்சை அடைத்தது. உள்ளே இருட்டு. சுவரோரம் தரையில் ஏதோ உட்கார்ந்திருந்தது. அது போட்டிருந்த சட்டை அவர் தைத்தது. அவள் இளைக்க இளைக்க ஏழு தடவை பிடித்துத் தைத்தது. அப்படியும் தொளதொளவென்று தொங்கியது.

"டெய்லரே," என்றாள். அவள் ஒருத்திதான் அவரை அப்படிக் கூப்பிடுவாள்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்த ஆபீஸ்ல எல்லாரும் நான் வந்துடுவேன்னு பேசிக்கறாங்க. நீங்கதான் சொன்னீங்களாம். சரி, நல்லாத்தான் இருக்கேன் போலன்னு எந்திரிச்சு வந்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "வந்து பாத்தா..."

ஜன்னல் தாள் ஒருமுறை விலகியது. வெளிச்சம் விழுந்தது.

அவள் மேலெல்லாம் நீலம். கழுத்தெலும்பில். விலா எலும்பு ஒவ்வொன்றிலும். கன்னத்தின் குழியில். முழங்கையில். பாதத்தில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில். மூடாத ஒரு கண்ணின் மேலே ஒன்று.

"குறை தெரியற இடத்துல ஒட்டச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒட்டிட்டேன்." மற்ற கண் அவரையே பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. "இதெல்லாம் சரி பண்ணிக் குடுத்துடுவாங்கல்ல?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். இந்த எட்டு மாதத்தில் தன் வாயால் எவரிடமும் சொல்லாத வார்த்தை. இப்போது அவளிடமே சொல்ல வேண்டும்.

"பண்ணிடுவாங்க," என்றார். "பண்ணாம சாவி வாங்க மாட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கீழே பைக் வந்து நின்றது. "சார், அம்மா இருக்காங்களா? கையெழுத்துப் போட்டுடலாமா?"

"இருக்காங்கப்பா," என்று குரல் கொடுத்தார். "ஒரு நிமிஷம்."

"முதுகுதான் எனக்கு எட்டலை," என்றாள் அவள். மெதுவாக, தரையை உரசிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். சட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முதுகு என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை.

படியில் இன்ஜினியரின் காலடி கேட்டது. தையல்காரர் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டார். சுருளைப் பிரித்து, ஒரு துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, அவளுக்கு வலிக்காமல் ஒட்ட ஆரம்பித்தார்.