ஜூன் மாதம் பெங்களூர் போன பதினொரு பேர்

14-10-1998, புதன். இன்று ஒரு தவறு செய்தேன். பீரோவைப் பூட்டுவதற்கு முன் சித்தூர் ஃபைல்களை எண்ண வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எண்ணாமலே, பதிவேட்டில் நேற்றைய வரியைப் பார்த்து 38 என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

மறுநாள் காலை 9.20. திருப்பதியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சி அலுவலகம். டாக்டர் சாரங்கபாணி பீரோவைத் திறந்தார். புதிய சர்க்கரை நோய் மாத்திரையைச் சோதனைக்காகச் சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூரில் தின்றுபார்த்த முப்பத்தெட்டு பேரின் ஃபைல்கள் அதில் இருக்க வேண்டும். இருந்தது இருபத்தேழு.

பூட்டு உடையவில்லை. ஃபைல்களின் மேல் டைப் அடித்த ஒரு தாள் கிடந்தது. கையெழுத்து இல்லை. பதினொரு நம்பர்கள், கீழே ஒரு வரி: ‘இவர்கள் ஜூன் மாதம் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டனர். மாத்திரையை நிறுத்திவிட்டனர்.’

"இத சித்தூர் நர்ஸ் அனுப்பியிருப்பாங்க" என்றார் மேனேஜர் கோவர்த்தனன். ஆகஸ்டில்தான் செகந்திராபாத்திலிருந்து வந்தவர். "போனவங்க ஃபைல் எதுக்கு டாக்டர்? இருபத்தேழு போதும். மாத்திரையப் பத்தின கட்டுரை அஞ்சு மணி கூரியர்ல மெடிக்கல் பத்திரிகைக்குப் போகட்டும்."

"ஃபைல் எங்கே போச்சு?"

"நேத்து சாயங்காலம் முப்பத்தெட்டுன்னு சந்தியா எழுதியிருக்கா. அப்புறம் உள்ள வந்தது முனிசாமி ஒருத்தன். என் சாவி மேசை மேலதான் இருந்தது. பழைய பேப்பர் கடையில போட்டிருப்பான். மத்தியானம் அவன் கணக்க முடிச்சு வேலைய விட்டு அனுப்பிடலாம்."

துடைப்பத்தோடு நின்ற அட்டெண்டர் முனிசாமி நிமிர்ந்தார். "பத்து வருசமா கூட்டிக்கினு கீறேன் சார். ஒரு குண்டூசி எடுத்ததில்ல. பூட்டின பீரோவ தொறந்தா பேப்பர் திருடுவேன்?"

டேட்டா எண்ட்ரி மேசையிலிருந்து சந்தியா எழுந்தாள். அந்த 38 அவள் எழுதியது. அதை நம்பித்தான் ஒரு மனிதரின் வேலை போகப்போகிறது.

"சார்" என்றாள். "நேத்து நான் எண்ணவே இல்ல. பாத்து எழுதிட்டேன். செவ்வாய்க்கிழமைதான் கடைசியா எண்ணினது."

கோவர்த்தனன் சிரித்தார். "பாத்தீங்களா டாக்டர், இதுதான் நம்ம ஸ்டாஃப்!"

ஆனால் முடிச்சு அவிழத் தொடங்கியிருந்தது. ஒரு ராத்திரி என்பது இப்போது ஒன்றரை நாள். அந்த நேரத்தில் டாக்டர், மேனேஜர், முனிசாமி மூவருமே அந்த அறைக்குள் வந்துபோனவர்கள். சாவி இரண்டு: ஒன்று டாக்டரிடம், ஒன்று மேனேஜரிடம்.

11.05. சந்தியா அந்தத் தாளை நான்காவது முறை படித்தாள். ஜூன் என்பதுதான் உறுத்தியது. தப்பாக நினைக்கிறேனோ? வராந்தாவில் இருந்த முனிசாமியிடம் போனாள்; அவருக்குச் சொந்த ஊர் கங்காதர நெல்லூர்.

"அண்ணா, ஜூன்ல உங்க ஊர்ல யாராவது பெங்களூர் போவாங்களா?"

"மாங்கா சீசன்ல எவன்மா போவான்? மாங்கா கூழு பண்ற பல்ப் ஃபேக்டரி லாரி வூட்டாண்ட வந்து ஆள ஏத்திக்கினு போவுது. பெங்களூர் போனவனே திரும்பி வருவான்!"

உள்ளே போய், எதேச்சையாகக் கேட்பவள்போல டாக்டரிடம் பேச்சுக்கொடுத்தாள். "ஜூன்ல கங்காதர நெல்லூர்ல உங்க சனிக்கிழமை முகாமுக்குக் கூட்டம் எப்படி சார்?"

"ஈ ஓட்டுவேன்மா. இருபது வருஷமா அப்படித்தான். எல்லாரும் மாங்கா வெட்டப் போயிடுவா. நர்ஸ்தான் வீடு வீடாப் போய் எழுதிண்டு வருவா."

12.40. எஸ்.டி.டி. பூத். பெயர்ப் பட்டியல்படி அந்தப் பதினொருவரில் ஒருத்தி பொன்னியம்மா. ஊர்க் கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னாள் சந்தியா.

"பெங்களூரா? நானா? நல்லா சொன்ன போ! மாங்கா வெட்டிக்கினு இருந்தேன், தல சுத்தி அப்டியே உயுந்துட்டேன். மேஸ்திரி வெல்லம் குடுத்தாரு. துன்னப்புறந்தான் கண்ணு தெரிஞ்சிச்சு. நம்ம தெருவுலயே நாலு பேரு உயுந்தாங்க. நர்ஸம்மா எல்லாம் எழுதிக்கினு போச்சே."

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"எங்க நிறுத்தறது? போன மாசந்தான் மூணு மாசத்துக்குச் சேத்து குடுத்தாங்க. துன்னுக்கினுதான் கீறேன்."

"இன்னிலேர்ந்து தொடாதீங்கக்கா. தெருவுல எல்லாருக்கும் சொல்லுங்க!"

3.30. டாக்டரின் அறை. கோவர்த்தனனும் முனிசாமியும் இருந்தனர். கூரியர் கவர் ஒட்டித் தயாராக இருந்தது.

"தாளை டைப் அடிச்சவர்தான் ஃபைலை எடுத்தவர்" என்றாள் சந்தியா. "நம்பர் பதினொண்ணும் ஒத்துப்போகுது. ஆனா அவருக்கு ஒண்ணு தெரியல. ஜூன்ல அந்த ஊர விட்டு வேலைக்கு யாரும் போகமாட்டாங்க. முனிசாமி அண்ணா அந்த ஊர்க்காரர். நர்ஸும் சித்தூர். டாக்டர் இருபது ஜூன் பாத்தவர். இவங்க பொய் சொல்லியிருந்தா வேற மாசம் எழுதியிருப்பாங்க. இங்க ஒரு ஜூன்கூட பாக்காதவர் நீங்க ஒருத்தர்தான் சார். சாவியும் உங்ககிட்ட இருக்கு."

கோவர்த்தனன் எழுந்தார். முனிசாமி கதவருகே நகர்ந்து நின்றார். டாக்டர் கோவர்த்தனனின் காலடியில் இருந்த சூட்கேஸைச் சுட்டினார். "திறங்கோ."

பதினொரு ஃபைல்கள். பதினொன்றிலும் நர்ஸின் சிவப்பு மசி: ‘சர்க்கரை இறங்கி மயக்கம்.’

"நான் எதையும் எரிக்கல" என்றார் கோவர்த்தனன். "அந்த இருபத்தேழு பேரும் நிஜம். கட்டுரையில அவங்களப் பத்தி ஒரு எழுத்துகூட பொய்யில்ல. நல்ல ரிசல்ட்டத்தான் எல்லாரும் அச்சுக்கு அனுப்பறாங்க. கெட்டது பீரோவுல இருக்கும். இது ஊர் வழக்கம்!"

"இருபத்தேழும் நிஜம்தான் சார். பதினொண்ண எடுத்துட்டா அந்த நிஜமே பொய்."

டாக்டர் கூரியர் கவரைக் கையில் எடுத்தார். "அந்தத் தாள்ல இருக்கற வரி கட்டுரையோட கடைசிப் பக்கத்துலயும் இருக்கு. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அச்சுல வந்ததை நம்பித்தான் இத்தனை வருஷம் மருந்து எழுதறேன். அதுல எத்தனை பீரோவுக்குள்ள நின்னுபோச்சோ!" கவரைக் குறுக்கே கிழித்தார். "முப்பத்தெட்டு பேரோட புதுசா எழுதுவோம். கம்பெனி வேண்டாம்னாலும் பத்திரிகைக்கு நானே அனுப்பறேன்."

"நான் திருடியிருந்தாகூட பஜ்ஜி கட்டவாவது ஆயிருக்கும் சார்" என்றார் முனிசாமி. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

15-10-1998, வியாழன். வகுப்புக்குப் போகவில்லை. எல்லார் முன்னாலும் தவறைச் சொன்னேன்; சுலபமாக இல்லை. ஆனால் முனிசாமி அண்ணாவின் வேலை நிலைத்தது.

நாளை: 6.10 பஸ். டாக்டருடன் கங்காதர நெல்லூர். முப்பத்தெட்டு வீடுகளிலும் மீதி மாத்திரைகளைத் திரும்ப வாங்க வேண்டும். முதலில் பொன்னியம்மா வீடு.